நாற்பத்தோராம் கிணறு

அப்துல்லாபுரம் ஓடுபாதை. காலை ஆறே கால்.
வலப்பக்கக் கதவைக் கழற்றிச்
சுவரோரம் சாய்த்துவைத்தார் டாக்டர் தேவநேசன்.
வாரம் முழுக்க மயக்க மருந்து கொடுப்பவர்,
ஞாயிற்றுக்கிழமை மட்டும் பறப்பவர்.
பெட்ரோல் அவர் காசு.
வாந்தி வந்தால் பிடிக்க
ஆம்பூர் பிரியாணிக் கடைப் பை, என் காசு.

ஏறியதும் தெரிந்தது
நீர் இல்லாமலும் பாலாறு ஆறுதான்.
வேறு எதற்காகவும்
மணல் இவ்வளவு அகலமாகப் படுத்துக் காத்திருக்காது.
நடுவே ஒரு கருஞ்சாந்துக் கோடு,
தோல் ஷெட்டுகளின் பக்கமிருந்து.
அதையும் எடுத்தேன்.

பிறகு தெற்கே,
ஜவ்வாதிலிருந்து இறங்கும் ஓடை.
ஆறு வருஷமாய் நூறுநாள் வேலைப் பெண்கள்
இறக்கிய உறைக்கிணறுகள்.
இறைப்பதற்கல்ல, மழையை உள்ளே அனுப்புவதற்கு.
சிமெண்ட் மூடிகள் மணலின் நிறம்,
மேலிருந்து தெரியாது.
பச்சையம்மாள்தான் வழி சொன்னாள்:
பழைய பேனர்களைக் கவிழ்த்துப் போட்டு
நாலு மூலைக்கும் கல்.

வெள்ளை. வெள்ளை. வெள்ளை.
தரையில் ஒரு கிணற்றருகே நின்றால்
அடுத்தது வளைவுக்கு அப்பால்.
இங்கிருந்து எல்லாம் சேர்ந்து
அவசரத்தில் போட்ட ஓட்டுத் தையல்.
“பிரிக்க இன்னும் நாளாகும்” என்றார் டாக்டர்.

முப்பத்தேழில் யாரோ மாற்றிப் போட்டிருந்தார்கள்.
மஞ்சள் நீராட்டு விழா.
மயில் நாற்காலியில் அமர்ந்த சிறுமி
எண்ணூறு அடி உயரத்துக்குச் சிரித்தாள்.

நாற்பது.
நாற்பத்தொன்று பாறைச் சரிவின் அடியில்.
வளையும்போது விளிம்பில் கண்டேன்,
அழுக்கு வெள்ளை உடல்,
மஞ்சள் முகம்.
பாறு.
இந்தப் பக்கம் இனி இல்லை என்று
போன கணக்கெடுப்பில்
என் கையாலேயே அடித்துவிட்ட பறவை.
அதன் கீழே குச்சிகள், கந்தல், ஆட்டு மயிர்.
எங்கள் நிழல்
பாறையில் ஏறத் தொடங்கியிருந்தது.

நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.
விமானம் இடப்பக்கம் சாய்ந்தது.
கதவில்லாத என் பக்கம்
வெறும் வானம்.

அறிக்கையில் நாற்பத்தொன்றுக்கு நேரே எழுதினேன்:
படம் இல்லை. வீட்டில் ஆள் இருக்கிறார்கள்.

“படம் இல்லாமல் பில் எப்படி?” என்றார்
மேசைக்கு அந்தப்புறம் இருந்தவர்.
பச்சையம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள்.
“இருக்குது சார். நடந்துதான் வரணும்.
ரெண்டு மணி நேரம்.
போன ஆஃப் பண்ணிட்டு வா.”