ஒற்றைக் கையனை எப்போது வெறுப்பது

நானூற்று எண்பத்தாறு எபிசோட்.
ஏழு படம். இரண்டு முன்கதை.
ஹார்ட் டிஸ்கை மேசையில் வைத்துவிட்டு
"அக்கா, இதைப் பாத்து முடிக்கிறதுக்குள்ளை
உங்களுக்கு விசா வந்திடும்" என்றான் லக்சிகன்.
வராது என்றேன்.
பந்தயம், நல்லூரடியில் ஒரு ஐஸ்கிறீம்.

கொக்குவிலில் எனக்குக் காலை ஆறு மணி.
ஸ்காபரோவில் அவருக்கு நேற்றிரவு எட்டரை.
இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பிளே அழுத்துவதாக உடன்பாடு.
எதை அழுத்துவது என்பதில்தான் இன்னும் இல்லை.

கஜீபன் சொல்கிறார்:
வந்த ஒழுங்கிலைதான் பாக்கோணும்.
அந்த ஒற்றைக் கையனை
முன்னூறு எபிசோட் வயிறெரியத் திட்டோணும்.
பிறகுதான் முன்கதை.
கை எப்பிடிப் போனதெண்டு அப்ப தெரியேக்கை
திட்டினதெல்லாம் திரும்பிவந்து
தொண்டையிலை நிக்கும்.
அதுக்காண்டித்தானே பதினொரு வருசம் கழிச்சு எடுத்தவங்கள்.

நான் சொல்கிறேன்:
கை போன கதையை முதலே காட்டுங்கோ.
தெரியாமல் ஒருத்தரைத் திட்டிப்போட்டு
தெரிஞ்சாப்பிறகு அழுகிற வேலை
எங்கட ஊரிலை நான் காணாததே?

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.
லைன் போய்விட்டதோ என்று திரையைத் தட்டினேன்.

போன வருடத்து வங்கிக் கலண்டரின் பின்பக்கத்தில்
கோடு போட்டுப் பார்த்தேன்.
முன்கதை ஒன்று, பிறகு அறுபது வரை,
மூன்றாம் படம்
(அது கனவு, கணக்கில் இல்லை என்கிறார்)
பிறகு திரும்ப அறுபத்தொன்று…
அம்பை அம்பு குத்தி
பள்ளிக்கூடம் விட்ட நேரத்துத் தட்டாதெருச் சந்தியாகிவிட்டது தாள்.

அரைவாசி சப்பை, விடும் என்கிறார்:
வெந்நீர் ஊற்றில் குளிக்கப் போவது,
சமையல் போட்டி,
கப்பல் பூனையைத் தேடும் இருபத்துமூன்று நிமிடம்.
கதை ஒரு அங்குலம் நகராதாம்.
எனக்கு அதுகள்தான் வேண்டும்.
அதில் ஒருவரும் சாகமாட்டார்கள்.

மேசையின் மற்ற மூலையில் இன்னொரு தாள்.
"உங்கள் உறவு வளர்ந்த விதத்தைத் திகதி வாரியாக எழுதுக."
ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், ஆதாரமாக.
எங்களுக்கு
குறிப்புப் பொருந்தியது முதல்.
பிறகு விமான நிலையத்தில் முகம்.
மூன்றாம் நாள் பதிவு.
பன்னிரண்டாம் நாள் தாலி.
பதினாறாம் நாள் திரும்பப் பயணம்.
"எனக்கு உம்மைப் பிடிச்சிருக்கு" என்று அவர் சொன்னது
ஏழு மாதம் கழித்து
ஒரு செவ்வாய்க்கிழமை,
பனி தள்ளும் வாகனத்தின் இரைச்சலுக்குள்.
இரண்டாம் தரமும் சொல்லவைத்தேன், கேட்கவில்லை என்று.
அதற்கு எந்த இலக்கம்?
படமும் இல்லை.

படிவம் நிரப்பித் தரும் பாமா அக்கா சொன்னா:
அதை முன்னுக்குப் போடும் பிள்ளை,
வெள்ளைக்காரனுக்கு அந்த ஒழுங்குதான் விளங்கும்.
பென்சிலால் போட்டேன்.
பிறகு அழித்தேன்.
தாளில் அந்த இடம் மட்டும் மெலிந்து கிடக்கிறது.

கடைசியில் பூவா தலையா.
அவர்தான் சுண்டினார்.
"தாரா விழுந்திருக்கு" என்றார்.
தாரா பூவோ தலையோ என்று
பேசிவைக்க மறந்துபோனோம்.

அதனால் நூற்று முப்பத்தேழில் தொடங்கினோம்.
பூனை தொலைந்த எபிசோட்.
யார் யாரென்று எனக்குத் தெரியாது.
எல்லோரும் ஓட,
ஒருத்தன் மட்டும் கப்பலின் ஓரத்தில் குந்தியிருந்து
மீனைப் பாதத்தால் அழுத்தி
இருக்கிற கையால் செதில் சுரண்டிக்கொண்டிருந்தான்.
பூனைக்கு என்று யாரும் சொல்லவில்லை.

"இவனோ?" என்றேன்.
"ஒண்டும் கேக்காதையும், பாரும்" என்றார்.

இரண்டு செக்கன் முந்தி அழுத்திவிட்டார் போல.
அவருடைய சிரிப்பு முதலில் வந்தது.
என்ன பகிடி என்று
நான் இங்கே பார்த்துக்கொண்டிருந்தேன்.