செலவுத் தலைப்பு

பணம் மார்ச் பத்தொன்பதாம் தேதி சாயங்காலம் வந்தது.
டில்லியிலிருந்து காரைக்குடிக்கு ஒரு நொடி.
அதற்கு முன்னால்
கோப்பு நடந்தது பதினோரு மாதம்.

முப்பத்தொன்றுக்குள் தீர்க்க வேண்டும்.
நடுவில் இரண்டு ஞாயிறு, ஒரு தெலுங்கு வருஷப் பிறப்பு,
சர்வர் படுத்துக்கொண்ட ஒரு வெள்ளிக்கிழமை.

நான் அருளானந்து, கணக்குப் பிரிவு.
இரும்பு எப்படித் துருப்பிடிக்கிறது என்று எனக்குத் தெரியாது.
எந்தத் தலைப்பின் கீழ் துருப்பிடிக்கிறது என்று தெரியும்.

உமையாள் மேடம் கேட்டது இவ்வளவுதான்:
நூற்றிருபது இரும்புத் தகடு,
தொண்டிக் கரையில் அவற்றை மாட்டிவைக்க ஒரு சட்டம்,
மாதம் ஒருமுறை கழற்றித் துடைத்து எடைபோட ஓர் ஆள்,
ஐந்து வருஷம்.

ஐந்தை மூன்றாக்க முடியுமா என்றது குழு.
உப்புக்காற்றிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார் மேடம்.
நடவடிக்கைக் குறிப்பில்
‘ஆய்வாளர் இசைந்தார்’ என்று ஏறியது.

அப்புறம் வெட்டு.
ஆள் சம்பளம், பாதி.
பயணம், காலே கால்.
கருவிக்கு மட்டும் கேட்டதற்கு மேலேயே.
கருவி என்றால் அடுத்த வருஷமும்
அங்கேயே நிற்கும், எண்ணிக்கொள்ளலாம்.

குழுவைத் திட்டிக்கொண்டே இந்தக் கவிதையை முடித்துவிடலாம்.
ஆனால் ஒரு தடவை நானும் போயிருந்தேன்,
கணக்கு கேட்டால் சொல்வதற்கு.
இரண்டு நாளில் முந்நூற்றுப் பன்னிரண்டு விண்ணப்பம்.
எங்களுக்கு முன்னால் பிள்ளைகளின் ரத்தசோகை.
எங்களுக்குப் பின்னால் நிலநடுக்கம்.
நடுவில் நாங்கள், துரு.
தலைவர் கண்ணாடியைக் கழற்றி
மூக்குத்தண்டைத் தேய்த்துக்கொண்டார்.
அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தால்
துருவுக்கு எவ்வளவு எழுதியிருப்பேன்?
ரயிலில் விழுப்புரம் தாண்டும்வரை யோசித்தேன்.
சொல்லும்படி ஒரு தொகை வரவில்லை.

பாண்டிமீனாவுக்கு நவம்பரோடு சம்பளம் நின்றது.
அவள் நிற்கவில்லை.
தேவகோட்டை, திருவாடானை, தொண்டி.
டவுன் பஸ்ஸில்தான் பெண்களுக்குச் சும்மா.
இது நாற்பத்தெட்டு ரூபாய்.
போகவர இரண்டு டிக்கெட்டையும்
என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகிவிட்டுப் போவாள்.
‘பயணத் தலைப்புல காசு இல்லம்மா’ என்பேன்.
‘இருக்கட்டும் சார், இந்த மாசம் விட்டா
அந்த மாசம் திரும்ப வராதுல்ல.’

பதினேழாம் எண் தகடு:
பூஜ்யம் புள்ளி பூஜ்யம் நாலு ஒன்று இரண்டு கிராம் குறைவு.
இந்தக் குறைவுக்காகத்தான் இத்தனையும்.

முப்பதாம் தேதி இரவு கருவி வந்தது.
மரப்பெட்டி, லாரி, தார்ப்பாய்.
வாட்ச்மேனும் நானும் கேண்டீன் பையனும்
‘ஏலே மெதுவா’ என்று இறக்கினோம்.
வாசலில் நுழையவில்லை.
நடைவழியிலேயே நிற்கிறது, ஒரு பக்கம் சுவர் உரச.
இயக்கப் பயிற்சிக்குத் தலைப்பு இல்லை.

மீந்ததைத் திருப்பிக் கட்டச் சொல்கிறது விதி, வட்டியோடு.
வட்டிக்குப் பேர்போன ஊரில்
பணத்தை வேலைக்கு விடத் தெரியாமல் வைத்திருந்ததற்கு
நான் வட்டி கட்டுகிறேன்.
கோட்டையூர்ச் சிதம்பரம், பக்கத்து மேஜை,
சிரித்துச் சிரித்து இருமுகிறார்.

‘எந்த நோக்கத்துக்காக வழங்கப்பட்டதோ
அந்த நோக்கத்துக்கே செலவிடப்பட்டது எனச் சான்றளிக்கிறேன்.’
மூன்று படி. மூன்றிலும் கையெழுத்து.
முத்திரை ஒன்றில் மட்டும் தலைகீழாக விழுந்துவிட்டது.

ராத்திரி ஒன்பதரைக்கு
பஸ் டிக்கெட்டுகளை எடுத்து வரிசைப்படுத்தினேன்.
எந்தத் தலைப்பும் இல்லாத ஒரு வெள்ளைத் தாளில்
ஒட்டிக் கோப்பின் கடைசியில் வைத்தேன்.
மெஷின் அச்சு.
நவம்பர் டிக்கெட்டில் ஊர்ப் பெயர் போய்விட்டது.
டிசம்பரில் தொகை இன்னும் லேசாகத் தெரிகிறது.
தணிக்கைக்கு அவர்கள் ஆடியில் வருவார்கள்.
அதற்குள் எல்லாம் வெளுத்திருக்கும்,
பத்துத் துண்டுக் காகிதம்,
ஏன் ஒட்டியிருக்கிறது என்று கேட்பார்கள்.

காலையில் பாண்டிமீனா வந்தாள்.
ஏப்ரல் ஒன்று.
‘பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கா சார்?’