மூன்றாவது கோடு

ஆஸ்முண்டின் கடையில் அன்று மூன்று வார்கள் தொங்கின.
தோல் வார் அழகு, சேணம்போல் மணந்தது.
"மைனஸ் இருபத்தைந்தில் அது கருவாடு" என்றான்,
விற்பவன் பேசக் கூடாத பேச்சு.
ஒற்றை முனையில் மாட்டுவதோ
கடன்காரனைப்போல்
முழங்காலைத் தட்டிக்கொண்டே கூட வரும்.
மிச்சம் ஒரு சாம்பல் நைலான்,
இருமுனை வார்:
குழலடியில் ஒரு வளையம், பின்கட்டையில் ஒரு வளையம்,
இழுத்தால் இறுகித் தள்ளினால் தளரும் பக்கிள்.
கையுறையோடு இழு என்றான். இழுத்தேன்.
இரண்டு கையுறையோடு என்றான்.
அதற்கும் வந்தது.

ஸ்வால்பார்டில் என் வேலை கரடி பார்ப்பது.
பனியாற்றைத் துளையிடுபவர்கள் குனிந்திருக்கையில்
நான் நிமிர்ந்திருக்க வேண்டும்.
எட்டு மணி நேரம்,
வெள்ளைக்குள் வெள்ளை அசைகிறதா என்று.

முதல் வாரம் வளையங்கள் கிணிகிணுத்தன.
சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினேன்,
வாயடங்கின.
குழல்வாயில் ஒட்டுநாடா, பனி புகாதிருக்க.
வாரைத் தோளில் சும்மா தொங்கவிட்டால்
குனியும்போதெல்லாம் நழுவி
முழங்கை மடிப்பில் வந்து விழும்.
ஆகவே குறுக்கே போட்டேன்,
இடத்தோளிலிருந்து வல இடுப்புக்கு.
இதை வரைந்தவன்
மார்பில்லாத யாரையோ மனதில் வைத்திருக்கிறான்.
வார் தானே தனக்கொரு பள்ளத்தாக்கைக் கண்டுகொண்டது.

பக்கிள் நிற்குமிடத்தில் நகப்பூச்சால் கோடு போட்டேன்.
கோடைச் சட்டைக்குச் சிவப்பு.
குளிர்காலப் பெரிய கோட்டுக்கு நீலம்.
அவசரத்தில் அளவு தேடக் கூடாது.

மார்ச்சில் சூரியன் திரும்பிவந்தது.
நீலத்தில் நிறுத்தினால் வார் வயிற்றை அறுத்தது.
இரண்டு விரல் தள்ளினேன்,
உள்ளே ஒரு கம்பளிச் சட்டை கூடுதல் என்று.
ஏப்ரலில் இன்னும் ஒரு விரல்.
இருட்டு மாதங்களில் என் நாள்கணக்கு
தவறுவது வழக்கம்தான்.
நான் எண்ணவில்லை.
எண்ணியது வார்.

ஸ்பிக்னியெவ், போலந்துக்காரர்,
பனித்தண்டை உறையிலிட்டபடியே சொன்னார்:
"அங்கே ஒரு கல் நடக்கிறது."

நூற்றைம்பது மீட்டர்.
முதலில் சுடர்த்துப்பாக்கி, விதிப்படி.
சிவப்பு வெளிச்சம் அதன் முன்னால் விழுந்து சீறியது.
முகர்ந்தது. தலை சாய்த்தது. வந்தது.
நூறு.
முதுகிலிருந்த துப்பாக்கி
எப்படி முன்னே வந்ததென்று நினைவில்லை.
ஒரு முழங்காலில் அமர்ந்து
இடக்கையை வாருக்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றினேன்.
வார் இறுகியது.
கட்டை தோளோடும்
தோள் எலும்போடும்
எலும்பு மலையோடும் ஒட்டிக்கொண்டன.
குறிமுள் ஆடவில்லை.

ஆடியது வேறொன்று.
வாருக்குக் கீழே, தொப்புளுக்கு இடப்பக்கம்,
உள்ளிருந்து யாரோ
ஒற்றை விரலால் கதவைச் சுண்டியதுபோல்.

அறுபதில் கரடி திரும்பிப் போனது.
காரணம் சொல்லவில்லை.
குட்டி இருந்ததா என்று ஊரில் எல்லோரும் கேட்டார்கள்.
இல்லை. தனிக் கரடி, மெலிந்தது.
கதை நன்றாயிருக்குமென்று குட்டியைச் சேர்க்க மாட்டேன்.
அறையிலிருந்து தோட்டாவை எடுக்கும்போதுதான்
கை நடுங்கத் தொடங்கியது.
விரலிடுக்கிலிருந்து அது பனியில் விழுந்தது,
நாங்கள் ஐந்து பேரும் அதைத் தேடினோம்.

அன்றிரவு குடிசையில் மூன்றாவது கோடு.
கையிலிருந்த நிறம் வெள்ளி.
அதையும் தாண்டி இரண்டு முறை நகர்த்தினேன்,
பிறகு கோடு போடுவதை விட்டுவிட்டேன்.

இந்தத் தீவில் பிரசவம் பார்ப்பதில்லை.
ஆகஸ்டில், விமானத்துக்கு முந்தைய நாள்,
துப்பாக்கியை இங்வால்டிடம் கொடுத்தேன்.
மூங்கில் உடம்புக்காரன். மாட்டிப் பார்த்தான்,
கட்டை அவன் கெண்டைக்காலில் இடித்தது.
"யார் அளவு இது?" என்று சிரித்தான்.

சிவப்புக்கு இழு என்றேன்.
வெள்ளியைச் சுரண்டாதே.
பின்வளையத்தில் டியூப் கிழியப்போகிறது,
மாற்று, இல்லாவிட்டால் சத்தம் போடும்.