ஒற்றை எல்

அலமாரிக்குள் உட்கார்ந்துதான் வரலாறு பேசுகிறேன்.
கல்யாணப் பட்டு ஒன்று, சாயம்போன சேலைகள் நான்கு,
தொழிற்சாலைச் சீருடை மூன்று.
எதிரொலியைத் தின்ன இவை போதும்.
சுங்கை நிபோங், பதினான்காம் மாடி.
ஏழு நிமிடத்துக்கு ஒரு விமானம்
என் வாக்கியத்தின் மேல் இறங்குகிறது.
அது போனதும் மேல்வீட்டு மாக் சிக் ரொக்கியா
சம்பல் இடிக்கத் தொடங்குவார்.
இரண்டுக்கும் நடுவே கிடைக்கிற சந்தில்
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டைச்
சொல்லி முடிக்க வேண்டும்.

பகலில் பாயான் லெப்பாஸில்
சிப்புகளுக்குப் பிழை பார்க்கும் வேலை.
கெட்டது சிவப்புத் தட்டில், நல்லது பச்சையில்.
இரவு வேலையில் தட்டுகள் கிடையாது.

ஐஸ்பெட்டிக் கதவில் மஞ்சள் சீட்டுகள், அடுத்த பருவத்துக்கு:
ஒரு கிராமபோனுக்காக அண்ணன் தம்பி நடத்திய வழக்கு.
ஜப்பான்காரன் காலத்தில் ஒரு டின் பாலின் விலை, மாதாமாதம்.
அபராதம் கட்ட மறுத்த மாட்டுவண்டிக்காரர்
(மாட்டின் பெயர் கிடைத்துவிட்டது, அவர் பெயர் இன்னும் இல்லை).
ஒரு சீட்டில் 'மழை???' என்று மட்டும் இருக்கிறது.
எதை நினைத்து எழுதினேனோ,
கிழிக்கக் கை வரவில்லை.

கேட்கிறவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.
தைப்பிங்கில் ஒருவர், தேதி பிசகினால் உடனே அழைப்பார்.
சரியாகச் சொன்ன வாரங்களில்
போன் சும்மா கிடக்கிறது.

வெள்ளிக்கிழமை போகவேண்டியது எட்டாம் பகுதி.
ஜன்னலைத் திறந்தால் தெரிகிற தீவு, ஜெரெஜாக்.
கப்பலில் வந்தவர்களை நிறுத்திவைத்து
நோய் பார்த்த இடம்.
பதிவேட்டின் ஒரு பக்கம் படமாகக் கிடைத்தது.
பூச்சி தின்றது போகப் பதினோரு வரி.
ஆறாவது வரி: பெண். இருபத்திரண்டு. தனியாக.
பெயர், ஆங்கிலத்தில் நான்கே எழுத்து:
வி, ஏ, எல், ஐ.

காகிதத்துக்கு வாய் இல்லை, பிழைத்தது.
நான் சொல்லியாக வேண்டும்.

வலி என்றேன்.
பிள்ளைக்கு யார் அப்படிப் பெயர் வைப்பார்கள்.
வளி என்றேன். சேலைகள்கூட அசையவில்லை.
வழி என்றபோது உடம்பு சிலிர்த்தது.
சிலிர்த்ததாலேயே அழித்தேன்.
இவ்வளவு தோதாக அமைவது எதுவும்
பதிவேட்டில் இருந்ததில்லை.
வள்ளியாகத்தான் இருந்திருப்பாள்.
வல்லியாகவும் இருக்கலாம்.
நாக்கை உள்ளே மடிப்பதா, பல்லருகே வைப்பதா,
அந்த அரை விரற்கடைக்குள்
ஒருத்தி இன்னொருத்தி ஆகிவிடுகிறாள்.

குமாஸ்தாவை மலாயிலும் தமிழிலும் திட்டினேன்.
அவனுக்கு முன்னால் நீண்ட வரிசை நின்றிருக்கும்.
வியர்வை மையில் சொட்டியிருக்கும்.
நம் மூன்று எழுத்துக்கும் சேர்த்து உழைக்கிற ஒரே எழுத்து,
அதிலும் ஒன்றை மிச்சம் பிடித்திருக்கிறான்.

ஒலியைச் சீர்செய்கிற ச்சியூ யெனுக்குத் தமிழ் தெரியாது.
இரண்டு பதிவையும் திரையில் பெரிதாக்கினாள்.
இரண்டு குன்றுகள்,
ஒன்றின் சரிவு சற்றே அதிகம்.
"ரெண்டும் ஒண்ணுதானே லா?" என்றாள்.
எரிச்சலில் கேட்டேன்:
"உன் பெயரை நான் சரியாகச் சொல்கிறேனா?"
"இல்லை," என்றாள், திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.
"ஆறு வருஷமா இல்லை."

அன்றிரவு திரும்பவும் அலமாரி.
வள்ளி அல்லது வல்லி,
எனக்குத் தெரியவில்லை என்று சொல்லிப் பதிந்தேன்.
'தெரியவில்லை'யின் மேல் உலக்கை விழுந்தது.
இருக்கட்டும் என்று விட்டேன்.
தைப்பிங்காரர் அழைக்கட்டும்.

மணி இரண்டு. சேமிக்க வேண்டும்.
கோப்புக்குப் பெயர் கேட்டது கணினி.
விசைப்பலகையில் தமிழை மாற்றச் சோம்பல்,
காலை ஆறரைக்கு வேலைக்குப் பஸ்.
வி, ஏ, எல், ஐ என்று தட்டினேன்,
பக்கத்தில் எட்டு.