இடது கால்

மூன்று மணிக்கு ரோஸ் பெல்லில்
ஒரு பள்ளிக்கூடமே பேருந்துக்குள் கொட்டுகிறது.
அறுபது இருக்கை, எண்பது பை.
பைகளுக்குத்தான் முதலில் இடம்.

மாணவர்க்குக் காசில்லை, அட்டை மட்டும் காட்டு என்றால்
ஒருவன் நூலக அட்டையைக் காட்டுவான்,
ஒருவன் நாக்கை.
'தாந்தின்' என்பார்கள் என்னை.
அத்தை என்றுதான் பொருள்,
இழுக்கிற நீளத்தில் பொருள் மாறும்.
யாரும் இறங்காத கரும்புக்காட்டில் மணி அடிப்பார்கள்.
ஓட்டுநர் வெலாய்தன் கண்ணாடி வழியாக என்னைப் பார்ப்பார்,
அடித்தவள் நான் என்பதுபோல.

தையல் ஆலையில் காலை ஷிப்டு முடித்த சாந்த்ரீன்
ஏழு மாத வயிற்றோடு
கம்பியைப் பிடித்து நின்றாள்.
அவள் முன்னால் ஒரு பை
சன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது.
தூக்கி, உடையவன் மடியில் வைத்தேன்.
'தொடாதே' என்றான்,
வைத்த பிறகு.

கதவைப் பற்றியும் சொல்ல வேண்டும்.
மார்ச்சிலிருந்து பின்கதவு மூடுவதில்லை.
மூன்று முறை எழுதிக் கொடுத்தேன்.
மூன்றாவது காகிதத்தை மேலாளர்
நான்காக மடித்து மேசைக்காலுக்கு அண்டை கொடுத்தார்.
மேசை ஆடுவது நின்றது.

திறந்த கதவு, பதினைந்து வயது, காற்று.
இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துவிட்டு
'உள்ளே வா, உள்ளே வா' என்று
நாள் முழுக்க நான் கத்துகிறேன்.

அது ஜூலை, வெட்டுக்காலம்.
லா ஃப்ளோரா தாண்டி ஒரு கரும்பு லாரியை
வெலாய்தன் முந்தினார்.
சுமை பிதுங்கிய லாரி.
தோகையும் கழியும் எங்கள் தகரத்தை
நீளமாகச் சீவிக்கொண்டு போயின.
படியில் கெவிசன்.
ஒரு கை கம்பியில், ஒரு கால் வெளியே.

எண்பது பேரும் வாயை மூடிய ஒரு நொடி
இந்த வேலையில் சேர்ந்த பிறகு
அன்றுதான் கேட்டேன்.

கரும்பு அவன் ஷூவை மட்டும் எடுத்துக்கொண்டது.
அவன் உள்ளே விழுந்து
தன் காலுறையையே பார்த்தான்,
பெருவிரல் பக்கம் ஓட்டை.
பிறகு சிரித்தான். எல்லாரும் சிரித்தார்கள்.
சாந்த்ரீன் சிரிக்கவில்லை, என் பணப்பையைப் பற்றியிருந்தாள்,
சூயாக் வரை விடவில்லை.

இரவுக் கடைசி நடையில் பேருந்து காலி.
நிறுத்தமில்லாத இடத்தில் கிழவர் கை காட்டினாலும்
நிற்காத வெலாய்தன்
லா ஃப்ளோராவில் நிறுத்தி
விளக்கைப் பெரிதாக்கினார்.
ஒன்றும் பேசவில்லை.
தூறலில் இறங்கித் தேடினேன்.
சக்கையோடு சக்கையாகக் கிடந்தது.

ஒன்பதாம் எண்.
அவன் காலுக்கு இரண்டு எண் பெரிது.
முனையில் திணித்த செய்தித்தாள் ஊறியிருந்தது,
சனிக்கிழமைக் குதிரைப் பந்தயப் பக்கம்.
நான்காம் ஓட்டத்தில் ஒரு பெயரைச் சுற்றி
பேனாவால் வட்டம்.
அது ஜெயித்ததா என்று தெரியவில்லை.
ஜெயித்திருந்தால் ஏழாம் எண் வாங்கியிருப்பார்கள்.

மூன்று நாள் அவன் வரவில்லை.
ஷூ இல்லாமல் வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பும் பள்ளி அது.
நான்காம் நாள் ரப்பர் செருப்போடு ஏறி
படியிலேயே நின்றான்.
ஷூவைக் காட்டினேன்.
கை நீட்டினான். நான் ஓரடி பின்னால் போனேன்.
அவன் ஓரடி உள்ளே.
இன்னும் ஓரடி நான். இன்னும் ஓரடி அவன்.
இப்படியே முன்வரிசை வரை கூட்டிப் போனேன்,
ஆட்டுக்குட்டிக்குத் தழை காட்டுவதுபோல.
பசங்கள் ஊளையிட்டார்கள்.
இழுத்து, மிக நீளமாக, தாந்தின்.

ஊறிய தாளை எடுத்துவிட்டு
உலர்ந்த காகிதம் ஒன்று திணித்திருந்தேன்:
என் மூன்றாவது புகாரின் நகல்.
எங்காவது ஓரிடம் போய்ச் சேரட்டும்.

வெள்ளிக்கிழமை கெவிசன்
மறுபடியும் படியில்தான் நின்றான்.
இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து,
நாடாவுக்கு இரட்டை முடிச்சு போட்டு.