நாலெழுத்து

ஏழாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டாம் ஆள்.
பெயரை எனக்குத் தரமாட்டார்கள்.
அவர் ரத்தம் இந்தக் கட்டடத்தின் அடித்தளத்தில்
மைனஸ் எண்பதில் உறைந்திருக்கிறது,
தார்த்து நகரத்து ஜனவரியே வெட்கப்படும் குளிரில்.

என் வேலை எளிது.
தாளில் இருப்பதைக் கட்டத்தில் ஏற்றுவது.
எத்தனை ஆண்டு படித்தீர்கள் என்ற கேள்விக்கு
அவர் எழுதியிருந்தார்: மூன்றே முக்கால்.
கட்டம் முக்காலை ஏற்காது.

ஓரத்தில் பென்சிலில், நெருக்கி நெருக்கி:
"1949 மார்ச் 25.
பின்னம் நடத்திக்கொண்டிருந்தார்கள்.
வாசலில் லாரி வந்து நின்றது.
பிறகு ரயில். பிறகு ஓம்ஸ்க் பக்கம்.
அங்கே பள்ளி இருந்தது. பூட்ஸ் இல்லை."

முடிக்காத வகுப்பைச் சேர்க்காதே என்கிறது கையேடு.
மூன்று என்று தட்டினேன்.

மேல்மாடியில் டாக்டர் தார்வோ லெப்பசார்
ஏ, டி, சி, ஜி என்ற நாலெழுத்துக்குள்
அறிவு எங்கே எழுதியிருக்கிறது என்று தேடுகிறார்.
அறிவு கைக்கு அகப்படாததால்
பள்ளிக்கூட ஆண்டுகளை அதன் இடத்தில் வைத்திருக்கிறார்,
வராதவருக்காக நாற்காலியில் கோட்டை மாட்டி வைப்பதுபோல.
லட்சம் பேருக்கு மேல் கூட்டிப் பார்த்ததில்
ஓரிடத்தில் டி போய் சி வந்தால்
சராசரியாக ஒரு வாரம் கூடுதல் படிப்பு.
அந்த ஒரு வாரத்தைச் சொல்லும்போது
அவர் குரல் தாழும்,
குழந்தை தூங்கும் அறையில் பேசுவதுபோல.

அந்த வாரத்தை நானும் நம்புகிறேன்.
ஒரே வயிற்றில் பிறந்தோம், என் தம்பி ரெய்னும் நானும்.
சதுரங்கப் பலகையைப் பார்த்ததும்
ஆட்டம் முடியும் இடம் அவனுக்குத் தெரியும்.
எனக்குக் குதிரை எங்கே போகும் என்பதே சந்தேகம்.
ஏதோ இருக்கத்தான் செய்கிறது.

ஆனால் நாலெழுத்து படிக்க விடாத லாரிக்கு
இந்த நாலில் எது எழுத்து?

அடுத்து அறிவுத் தேர்வுத் தாள்.
பதினேழாம் கேள்வி: 1, 2, 4, 8, அடுத்தது?
விடை 16. அவர் போட்டது 15.
பூஜ்யம் இட்டேன்.
தாளைத் திருப்பினால் மறுபடி அந்தப் பென்சில்:
"16 என்பீர்கள். தெரியும்.
ரொட்டியை வெட்டிப் பாருங்கள்.
ஒவ்வொரு வெட்டுக்கும் அதிகபட்சம் எத்தனை துண்டு?"

அன்றிரவு சமையலறையில்
ஒரு முழுக் கறுப்பு ரொட்டி.
வெட்டாதபோது ஒன்று.
நெட்டாக வெட்டினேன், இரண்டு.
குறுக்கே, நான்கு. படுக்கைவாட்டில், எட்டு.
நான்காம் வெட்டைச் சாய்த்து இறக்கினேன்,
துண்டுகள் நழுவாமல் இடக்கையால் அணைத்துக்கொண்டு.
எப்படிச் சாய்த்தாலும் எட்டில் ஏழுதான் கத்திக்கு அகப்படும்.
ஒன்று தப்பிவிடும்.

எண்ணினேன். பதினான்கு.
மேஜையெல்லாம் பொடி. திரும்ப எண்ணினேன்.
நடுவில் ஒன்று ஒளிந்திருந்தது,
நான்கு பக்கமும் கத்தி பட்டு,
மேலோடு எந்தப் பக்கமும் இல்லாமல்.
பதினைந்து.

ரொட்டியை நிறுத்துக் கொடுத்த ஊரில் கற்ற கணக்கோ,
பூட்ஸ் இல்லாமல் உள்ளேயே கிடந்த மாதங்களோ,
ஒரு வாரம் தரும் அந்த எழுத்தோ.
எனக்குத் தெரியவில்லை.

காலையில் டாக்டரிடம் சொன்னேன்.
சிரித்தார்.
உறையின் பின்பக்கம் வரைந்து பார்த்தார்.
சிரிப்பை நிறுத்தினார்.
"எல்லோருக்கும் ஒரே விடைப்பட்டியல்தான்.
ஒருவருக்காக மாற்ற முடியாது."
அவர் சொன்னதும் சரிதான்.

வியாழக்கிழமை வந்த பட்டியலில்
ஏழாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டின்
எழுத்துகளைக் கூட்டிய தொகை:
சராசரிக்கு மயிரிழை கீழே.

கடைசி நிரலுக்குக் குறிப்பு என்று பெயர்.
எந்தக் கணக்கும் அதைத் தொடுவதில்லை,
அதனால் அங்கே பின்னம் ஏறும்.
எழுதிச் சேமித்தேன்:
மூன்றே முக்கால்.
ரொட்டி சரி.