அரைச் சுரம்

ரோலரைக் கழற்றினேன். கல்.
நகத்தால் அழுத்தினால்
நகம்தான் மடங்கியது.

பெல்ட் வேறு மாதிரி:
இறுகாமல் உருகியிருந்தது,
கப்பியைச் சுற்றித் தாராக.
ஸ்பிரிட் போட்டுத் துடைத்த கையோடு
சாப்பிட உட்கார்ந்தேன்,
சொதியில் கருப்பு.

ஒரே பெட்டி, ஒரே பாளையங்கோட்டை வெயில்.
ஒரு ரப்பர் கல்லாவானேன், ஒன்று கூழாவானேன்?
வண்ணார்பேட்டையில் கடை போட்டுப் பதினாறு வருஷம்,
என்னைக் கேட்காதீர்கள்.

சுளுக்குத் தைலத்தில் ஊற்றுகிற எண்ணெய்
ஜாம் பாட்டிலில் கால்வாசி;
ரோலரை உள்ளே போட்டு மூடினேன்.
மாடியிலிருந்து டியூஷன் சார் எட்டிப் பார்த்தார்:
"யாருக்கும்மா இடுப்பு?"
"டேப்புக்கு" என்றேன்.

மறுநாள் நகம் பதிந்தது.
டிரில்லில் மாட்டிச் சுழலவிட்டு
நானூறாம் நம்பர் தாளால் பளபளப்பை எடுத்தேன்.
சைக்கிள் டியூபில் வெட்டிய பெல்ட்
முதலாவது தொளதொள,
இரண்டாவதில் மோட்டார் முனகியது,
மூன்றாவது
சரி.

அருமைநாயகம் சார் வந்தார், பாடகர் குழுத் தலைவர்.
அசனத்துக்கு எட்டு நாள்தான்.
எண்பத்து நாலில் பதிந்த ஸ்பூலைப் போட்டு
நாலு குரலோடு தானும் சேர்ந்தார்.
இரண்டாம் அடியின் உச்சியில்
அவர் தொண்டை உடைந்தது.

"வேற யாரோ பாடுதாங்கம்மா."
"அதே ஸ்பூல்தான் சார்.
எத்தன வருஷமா மெதுவா ஓடுச்சு?"
விரல் விட்டு எண்ணினார்,
விரல் போதவில்லை.
"லில்லிபுஷ்பம் கல்யாணத்துக்கு முந்தியே."

அத்தனை வருஷமும்
அரைச் சுரம் கீழே
கர்த்தரைத் துதித்திருக்கிறார்கள்.
கீபோர்டுப் பையன் ஒரு பட்டனை அமுக்கி
இறங்கிவந்து சேர்ந்துகொள்வானாம்.
டெனருக்கு எட்டாத தங்கையாவும்
அந்தப் பள்ளத்தில்தான் டெனர் ஆனாராம்.

"பழைய ரோலரையே போட்டுத் தாங்க."
"இதுதான் சார் அது."

கொஞ்ச நேரம் ஃபேன் மட்டும் ஓடியது.
குப்பைக் கூடையைக் கிளறி
தொளதொள பெல்ட்டை எடுத்து மாட்டினேன்.
நால்வரும் வயசாகி இறங்கினார்கள்.
சார் கண்ணை மூடிக்கொண்டு பாடினார்,
உடையவில்லை.

கிளம்புகையில் திரும்பி வந்து
"அந்த இன்னொண்ணையும் குடுங்க" என்றார்,
"சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்கு."
பேப்பரில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்தார்.

பில் போட உட்கார்ந்தேன்.
ரோலர் வேலை, ஒன்று.
பெல்ட், இரண்டு.
எது சரியானது என்று
எழுத அதில் கட்டம் இல்லை.
பில் முழுக்கத் தைல வாசனை.